புலால் மறுத்தாரும் பால் மறுத்தாரும்

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து ஆரோவில் நோக்கிப் பிரிந்து செல்லும் பாதையில் அமைந்தது குயிலாப்பாளையம். 1968 பிப்ரவரி 28-ஆம் நாள் ஆரோவில் நகர் தொடங்கப்பெறும் வரை, வானூர் வட்டத்துச் செம்மண் மேட்டுச் சிற்றூர்களுள் ஒன்றாக அது இருந்தது. இன்று அதன் கடைத்தெருவில் அயல்நாட்டவரை எதிர்நோக்கும் ரொட்டிக் கடைகளும் சிற்றுண்டிச் சாலைகளும் நிறைந்துள்ளன. அவற்றின் உணவுப் பட்டியல்களில் 'வீகன்' என்னும் சொல் வழக்கமாகிவிட்டது. ஊனும் மீனும் முட்டையும் மட்டுமன்றிப் பால், தயிர், நெய், தேன் ஆகியவற்றையும் விலக்குவோர்க்கான உணவு என்பது அதன் பொருள். ஆரோவில்லார் அனைவரும் அந்நெறியினர் அல்லர். பாலாடைக்கட்டி செய்யும் பண்ணையும் அங்கே உண்டு. எனினும் பாலை மறுப்பது வெள்ளைக்காரர் கொண்டுவந்த புதுவழக்கம் என்பதே இத்தகையோரைப் பற்றி நம் நாட்டில் பரவலாகக் கேட்கப்படும் கருத்து.

இதே மாவட்டத்தின் திண்டிவனம், செஞ்சி, விழுப்புரம் பகுதிகளில் தமிழ்ச் சமணர் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். மேல்சித்தாமூரில் ஜினகாஞ்சி மடம் உள்ளது. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றின் பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் திருவுருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டும் அங்கேயே உள்ளது. எதை உண்பது, எதை மறுப்பது என்பது குறித்து இம்மண்ணில் நடந்த உரையாடல் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகட்கும் குறையாதது. அயல்நாட்டு வழக்கம் என்று இன்று ஒதுக்கப்படும் நெறியைப் பற்றி உலகோர் சொல்வனவற்றுள் பெரும்பகுதி, முன்னொரு காலத்தில் சமணரைப் பற்றிச் சொல்லப்பட்டவையே.

முதலில் சொல்லைப் பற்றி. 1944 நவம்பரில் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரைச் சேர்ந்த டொனால்ட் வாட்சனும் அவர்தம் நண்பர் சிலரும், பாலும் முட்டையும் உண்ணும் மரக்கறியாளரினின்று தம்மை வேறுபடுத்திக் காட்ட ஒரு பெயர் தேடினர். 'வெஜிடேரியன்' என்னும் சொல்லின் முதலெழுத்துகளையும் ஈற்றெழுத்துகளையும் சேர்த்து 'வீகன்' என்று அமைத்தனர். போர்க்காலப் பங்கீட்டு உணவின் நடுவே பாலையும் விட்டவர் நெடுநாள் வாழார் என்று எண்ணியோர் அன்று பலர். வாட்சன் 2005-இல் தம் 95-ஆம் வயதில் மறைந்தார்.

தமிழில் இந்நெறிக்கு 'நனிசைவம்' என்று பெயரிட்டோர் உளர். 'சைவம்' என்பது ஒரு சமயத்தின் பெயர். அது புலால் விலக்கிய உணவுக்குப் பெயராக நின்றுவிட்டது. புலால் மறுத்தலைத் தமிழகத்தில் உயிர்நிலை அறமாக நிறுத்தியவர் சமணர். பெயரோ வேறொரு சமயத்தைச் சேர்ந்தது. சமணக் குடும்பத்தினர் உணவுவிடுதியில் 'சைவம்' என்று கேட்டு உண்பதும், அப்போது அச்சொல்லின் முரண் எவர்க்கும் தோன்றாமையும் வரலாற்றின் சிறு விளையாட்டு எனலாம்.

அப்பெயர் மாற்றம் எளிதில் நிகழ்ந்ததன்று. திருப்பாதிரிப்புலியூர்ச் சமணப் பள்ளியில் தருமசேனர் என்னும் பெயருடன் விளங்கியவரே பின்னர்த் திருநாவுக்கரசர் ஆனார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. தேவாரப் பதிகங்களில் சமணத் துறவியர் எள்ளப்படும் இடங்களை நோக்கினால், தலைமயிர் பறித்தல், ஆடையின்மை, நீராடாமை, நின்றவாறே கையில் வாங்கி உண்ணல் ஆகியவையே பெரிதும் தாக்கப்படுகின்றன. கொல்லாமை என்னும் கொள்கை அந்த அளவு தாக்கப்படவில்லை. அதனை மேற்கொண்டோரின் தோற்றமும் பழக்கமுமே நகைப்புக்கு உரியவை ஆயின. காளத்தியில் இறைவனுக்கு ஊன் படைத்த கண்ணப்பரைத் தன் அடியாராகப் போற்றிய அதே சமயம், காலப்போக்கில் புலால் மறுத்தலையும் தன் ஒழுக்கமாக ஏற்றது. எள்ளப்பட்டோரின் கொள்கை எள்ளியோரின் உடைமையாயிற்று. வரலாற்றில் இது புதிதன்று. ஆயினும் கொடுத்தவர் பெயர் மறக்கப்படுவது வருந்தத்தக்கது.

இன்று பால் மறுப்போரை நோக்கி எழுப்பப்படும் வினாக்களுக்கு வருவோம். 'நான் கொல்லவில்லையே; கடையில் உள்ளதை வாங்குகிறேன், அவ்வளவே' என்பது ஒன்று. 'செடி கொடிக்கு உயிர் இல்லையா?' என்பது மற்றொன்று. 'நீங்களும் ஏதோ ஒரு விலங்குப் பொருளைப் பயன்படுத்துகிறீர்களே' என்பது மூன்றாவது. இம்மூன்றும் தமிழில் மிகப் பழைய வினாக்கள்.

முதல் வினாவைத் தமிழ்ச் சமணர் தம் நூலாகவே போற்றும் திருக்குறள் எதிர்கொண்டது. புலால் மறுத்தல் என்னும் 26-ஆம் அதிகாரத்தில், உண்போர் இல்லையெனில் விலைக்கு ஊன் தருவோரும் இல்லை என்னும் கருத்து தெளிவாக வைக்கப்பட்டுள்ளது. வாங்குவோனும் கொலைக்குக் காரணன் என்னும் இக்கருத்தே பின்னர் நீலகேசியில் விரிந்த வாதமாகிறது. அக்காப்பியத்தின் தொடக்கமே உயிர்ப்பலியை ஒட்டியது. காளிக்கு ஆடு வெட்ட வந்த மக்களிடம் முனிச்சந்திரர், மண்ணால் ஆடு செய்து வைத்தால் போதும் என்கிறார். சினந்த காளியின் ஏவலால் அவரை அச்சுறுத்த வந்த நீலி, அவரிடமே அறம் கேட்டுச் சமணம் சார்கிறாள். பின்னர்ப் பௌத்தரோடு அவள் வாதிடுகையில், பிறர் கொன்ற ஊனை உண்பதில் பழியில்லை என்னும் அவர்தம் நிலையை மறுக்கிறாள். எதிர்வாதமும் கூர்மையானதே: சமண முனிவர் மயிற்பீலி ஏந்துகின்றனரே, அது மட்டும் எவ்வாறு பொருந்தும்? மயில் தானே உதிர்க்கும் பீலிக்கும், உயிரைப் பறித்தாலன்றிக் கிடையாத ஊனுக்கும் உள்ள வேற்றுமையே அதற்கு மறுமொழி. 1936-இல் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார், சமய திவாகர வாமன முனிவரின் உரையுடன் அந்நூலைப் பதிப்பித்ததால் இவ்வாதங்கள் நமக்கு முழுமையாகக் கிடைத்தன.

செடிக்கும் உயிர் உண்டு என்னும் வாதத்தைச் சமணம் ஒருபோதும் மறுத்ததில்லை. புல்லும் மரனும் ஓரறிவுயிர் என்று தொல்காப்பிய மரபியலே வகுத்துள்ளது. உயிர் உண்டு என்பதனாலேயே கிழங்கு விலக்கு, இரவுண்ணாமை, நீர் வடித்தல் ஆகிய கட்டுப்பாடுகள் எழுந்தன. வாழ்வதற்கு ஏதேனும் ஓர் ஊறு தவிராதெனில் அறிவு குறைந்த உயிரளவில் அதனைச் சுருக்குக என்பதே அதன் நிலை. இன்றைய தொலைக்காட்சி விவாதங்களில் இவ்வினா புதிய கண்டுபிடிப்பைப் போல எழுப்பப்படுவதைக் கேட்கும் சமணப் பெரியோர் புன்னகைப்பது இயல்பே.

பொதுமக்கள் கருத்து ஏளனத்தோடு நின்றுவிடாத காலமும் உண்டு. செஞ்சியை ஆண்ட வேங்கடபதி என்னும் நாயக்கன் சமணரைக் கொடுமைப்படுத்தினான் என்றும், உயிர்க்கு அஞ்சிய பலர் திருநீறு பூசிச் சைவராயினர் என்றும் தமிழ்ச் சமணர் மரபு கூறுகிறது. 1906-இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்ட விவரச் சுவடியிலும் இம்மரபு பதிவாகியுள்ளது. அவ்வாறு மாறியோர் 'நீறுபூசி' எனப்பட்டனர். திண்டிவனத்தை அடுத்த உப்புவேலூரின் வீரசேனாசாரியார் சிரவணபெளகொளா சென்று கற்றுத் திரும்பி மீட்டவரும், தாயனூர்க் காங்கேய உடையாரின் துணையால் நிலைத்தவருமே எஞ்சிய சமணர் என்பது அம்மரபின் பிற்பகுதி. இன்றைய பால் மறுப்போர்க்கு இத்தகைய இடர் ஏதும் இல்லை. அவர்தம் இடர் விருந்தில் எழும் நகைப்பளவே. இவ்வேறுபாட்டை மறத்தல் முறையன்று.

அந்நகைப்பு ஏன் எழுகிறது? உளவியலார் இதனை ஆராய்ந்துள்ளனர். ஜூலியா மின்சன், பெனுவா மொனான் ஆகிய இருவர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், ஊன் உண்போரிடம் மரக்கறியாளரைப் பற்றித் தோன்றும் சொற்களைக் கேட்டபோது 47 விழுக்காட்டினர் ஓர் இழிசொல்லேனும் கூறினர். மரக்கறியாளர் தம்மை அறத்தில் தாழ்ந்தவராக எண்ணுவர் என்று மிகுதியாக நம்பியோரே மிகுதியாகப் பழித்தனர். கனடாவின் காரா மக்கின்னிஸ், கோர்டன் ஹாட்சன் ஆகியோர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு மற்றொன்றைக் காட்டியது: உடல்நலம் கருதி விலங்குணவை விட்டவரை விட, உயிரிரக்கம் கருதி விட்டவரே மிகுதியாக வெறுக்கப்பட்டனர். எதிரே அமர்ந்து மறுப்பவர் ஒரு சொல்லும் சொல்லாதிருப்பினும், உண்பவர் தம்மீது ஒரு தீர்ப்பு எழுதப்படுவதாக உணர்கின்றார் என்பதே இதன் பொருள்.

நம் நாட்டு அனுபவமும் இதற்கு ஒத்ததே. மருத்துவர் விதித்த பத்தியம் என்றால் எவரும் வினவுவதில்லை. ஆரோவில்லில் வாழும் ஹோமியோபதி மருத்துவர் நந்திதா ஷா 2005-இல் 'ஷரண்' அமைப்பைத் தொடங்கி, முழுத் தாவர உணவால் நீரிழிவு முதலிய நோய்களைக் கட்டுப்படுத்தும் பயிற்சிகளை நடத்தி வருகிறார். 2016-ஆம் ஆண்டிற்கான நாரி சக்தி விருதும் பெற்றார். உடல்நலத்தின் வாயிலாகச் சொல்லப்பட்ட கருத்து அரசின் பாராட்டையும் பெற்றது. அதே கருத்தை விலங்கின் பொருட்டுச் சொன்னோர் தமிழகத்தில் பெற்ற வரவேற்பு வேறு.

2014 மே 7-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. விலங்குகள் நல வாரியமும் 'பீட்டா' அமைப்பும் அவ்வழக்கில் முன்னின்றன. 2017 ஜனவரியில் சென்னை மெரினாவிலும் தமிழகமெங்கும் திரண்ட இளைஞர் கூட்டத்தில் பீட்டாவின் பெயர் வசைச்சொல்லாயிற்று. நாட்டு மாட்டினத்தை அழித்து அயல்நாட்டுப் பால் வணிகத்தைப் புகுத்தும் சூழ்ச்சி என்று அது பேசப்பட்டது. 'வீகன்' என்னும் சொல்லைத் தமிழகத்தின் பெருவாரியான மக்கள் முதன்முதலில் கேட்டது அந்நாள்களிலேயே எனலாம். ஐயத்தோடும் சினத்தோடும் கேட்டனர். விலங்குகள் நல வாரியம் 1962-இல் சென்னையில் ருக்மிணி தேவி அருண்டேலைத் தலைவராகக் கொண்டு தோன்றிய அரசு அமைப்பு என்பது அந்த ஆரவாரத்தில் எவர் நினைவிலும் இல்லை. வடக்கிலிருந்து வந்தோர் என்று சமணர் ஒதுக்கப்பட்டதும் இவ்வகையினதே. ஒரு கருத்தை ஆராய்வதினும் அது வந்த ஊரைக் கேட்பது எளிது.

ஆயினும் மெரினாவில் எழுந்த குரலில் ஓர் உண்மை இருந்தது: காளைகள் மறைந்து வருகின்றன. 2019-இல் எடுக்கப்பட்ட இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி, 2012-ஐ நோக்க இந்தியாவில் பசுவினத்தின் பெண் மாடுகள் 18 விழுக்காடு பெருகின. ஆண் மாடுகள் 30 விழுக்காடு குறைந்தன. பிறப்பில் ஆணும் பெண்ணும் ஏறத்தாழச் சமமாகவே பிறக்கும். எனில் குறைந்த ஆண் கன்றுகள் எங்கே சென்றன என்னும் வினாவிற்கு விடை தேட வேண்டுவதில்லை. மெரினாவில் கூடியோரும் அவர்கள் பழித்த பால் மறுப்போரும் ஒரே இழப்பை இரு திசையிலிருந்து கண்டனர். இரு சாராரும் அதனை உணரவில்லை.

இங்கேதான் செய்தி தமிழ்ச் சமணரைத் தொடுகிறது. வட இந்தியச் சமணரிடை வணிகர் மிகுதி; தமிழ்ச் சமணரோ வழிவழியாக உழவர். வீட்டின் பின்புறத்தே தொழுவமும், தொழுவத்தில் ஏர்மாடும் கறவையும் இருந்தன. கன்று குடித்த பின் எஞ்சியதே கறக்கப்பட்டது என்பதை இன்றும் முதியோர் சொல்வர். பிறந்த கன்று ஆணாயின் ஏர் பூட்டவும் வண்டி இழுக்கவும் ஆயிற்று. ஆதலின் பாலுக்கும் கொலைக்கும் தொடர்பில்லை என்ற நம்பிக்கைக்கு அந்நாள் வாழ்வில் அடிப்படை இருந்தது. டிராக்டர் வந்தபின் ஏர்மாட்டிற்கு வேலை இல்லை. சினை ஊசி வந்தபின் பொலிகாளைக்கும் வேலை இல்லை. 1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சி சிற்றூர்ப் பெண்டிர் கையில் நாள்தோறும் பணம் புழங்கச் செய்தது. அதே வேகத்தில் ஆண் கன்றைச் சுமையாகவும் ஆக்கியது. பால் அதே வெண்மையோடு உறையில் வருகிறது. அதன் பின்னணி மாறிவிட்டது.

இக்கருத்தை எதிர்ப்போர் கூறுவதையும் எளிதில் தள்ளலாகாது. 2021-இல் பால் மாற்றுப் பானங்களைப் பற்றி அமுல் நிறுவனத்திற்கும் பீட்டாவிற்கும் வாதம் எழுந்தபோது, பத்துக் கோடிப் பால் உற்பத்தியாளரின் வாழ்வுக்கு யார் பொறுப்பு என்று அமுல் தரப்பில் கேட்கப்பட்டது. வானூர் வட்டத்தில் ஒற்றைக் கறவையை நம்பி வாழும் கைம்பெண்ணிடம் பாலை விடுக என்று சொல்வது எளிதன்று. குயிலாப்பாளையத்து உணவகத்தில் பாதாம் பால் கலந்த காப்பிக்குத் தரும் விலை, பசும்பால் காப்பிக்குரியதினும் கூடுதல். அதனால் இந்நெறி செல்வர்க்குரிய பொழுதுபோக்கு என்னும் எண்ணமும் வலுப்படுகிறது. ஆனால் கேழ்வரகுக் கூழும் களியும் எள்ளுருண்டையும் தேங்காய்ப்பாலும் எவ்விதப் புது முத்திரையும் இன்றித் தமிழர் உண்ட பாலில்லா உணவுகளே.

பால் மறுத்தலை அயல்நாட்டார் தொடங்கினர் என்பதும் முழுதும் சரியன்று. காந்தியடிகள் 1888-இல் இலண்டன் புறப்படுமுன், ஊன் தொடேன் என்னும் உறுதிமொழியை அவருக்குச் செய்துவைத்தவர் பேசர்ஜி சுவாமி என்னும் சமணத் துறவி. 1912-இல் தென்னாப்பிரிக்காவின் டால்ஸ்டாய் பண்ணையில் அவர் பாலையும் துறந்தார். பசுவும் எருமையும் கறவைக்காகப் படும் துன்பத்தைக் கேட்டறிந்ததும் அதற்கு ஒரு காரணம். பின்னர் நோயுற்று, 1919-இல் ஆட்டுப்பால் அருந்த இசைந்தபோது, உறுதிமொழியின் சொல்லைக் காத்து உள்ளத்தைக் கைவிட்டதாகத் தன் வரலாற்றில் வருந்தி எழுதினார். வாட்சன் பெயர் சூட்டியது அதற்கும் கால் நூற்றாண்டு பின்னர்.

சமண நூல்கள் இல்லறத்தார்க்குப் பாலை விலக்கவில்லை. கள், ஊன், தேன் மூன்றும் விலக்கப்பட்டன. சமந்தபத்திரரின் ரத்னகரண்டக சிராவகாசாரமும், அதனைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இதனைத் தெளிவாக்கும். தேனை விலக்குவதில் புதிய நெறியினர் சமணரைப் பின்தொடர்ந்தே வந்துள்ளனர். பாலும் தயிரும் நெய்யும், எண்ணெய், இனிப்பு, உப்பு ஆகியவற்றோடு ஆறு சுவைப்பொருள்களுள் அடங்குவன. அவற்றை விடுதல் ரசபரித்தியாகம் என்னும் தவம். ஆகவே பாலை விடும் சமணர் நெறியினின்று விலகியவர் ஆகார்; விடாதவரும் விலகியவர் அல்லர்.

எனினும் தத்துவார்த்த சூத்திரம் கொல்லாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். இவை மனிதரையும் தழுவுவனவாயினும், தொழுவத்தை நன்கறிந்தவர் வகுத்த பட்டியல் போலவே தோன்றுகின்றன. கன்றுக்குரிய பாலைத் தடுப்பது ஐந்தாவதில் அடங்குமா என்பது இன்றைய வினா. அயல்நாட்டுச் சமணரிடை இவ்வினா முன்னரே எழுந்துவிட்டது. 1970-இல் துறவு மரபைக் கடந்து மேலைநாடு சென்ற குருதேவர் சித்ரபானு, பிற்காலத்தில் பாலும் விடுமாறு அறிவுறுத்தினார். அமெரிக்கச் சமணர் அமைப்புகளின் மாநாட்டு உணவில் பால் வேண்டுமா என்பது பலமுறை விவாதிக்கப்பட்டது. அங்கும் முதியோர் சிலர் முகம் சுளித்தனர்: முன்னோர்க்குத் தெரியாததா இவர்க்குத் தெரிந்தது என்றனர். புலால் மறுத்தபோது உலகம் சமணரிடம் கேட்டதும் ஏறத்தாழ இதுவே.

புதிய நெறியினரைப் பார்த்துச் சமணம் கேட்கத்தக்க வினாவும் உண்டு. இன்று தாவரப் பொருளால் ஊன்போலவே செய்த உணவுகள் விற்பனைக்கு வருகின்றன. யசோதர காவியத்தில் அரசனும் தாயும் மாவினால் செய்த கோழியைப் பலியிட்டு, அதன் வினையால் பல பிறவிகளில் உழல்கின்றனர். உயிரில்லாத மாவாயினும் கொல்லும் எண்ணம் இருந்தது என்பதே அக்கதையின் அழுத்தம். நாவின் சுவைக்காகச் செயற்கை ஊன் உண்பவரை அக்காவியம் எவ்வாறு நோக்கும் என்பது சுவையான ஆராய்ச்சி. முனிச்சந்திரரின் மண் ஆட்டை எண்ணினால் மறுபக்கமும் தோன்றும்.

சட்டம் இவ்வேறுபாடுகளைத் தன் வழியில் வகுக்கிறது. இங்கிலாந்தின் தொழிலாளர் தீர்ப்பாயம் ஒன்று 2020 ஜனவரியில், உயிரிரக்கம் கருதிய வீகன் நெறி சமய நம்பிக்கைக்கு நிகராகப் பாதுகாக்கத் தக்கது என்றது. இந்தியாவில் 2001 முதல் உணவுப் பொதிகளில் பச்சைப் புள்ளி இடப்படுகிறது. பால் அதில் சைவம். பின்னர் வந்த விதிகளின்படி தேனும் தேன்மெழுகும் பூச்சியிலிருந்து எடுக்கும் அரக்கும் இருப்பினும் பச்சைப் புள்ளி இடலாம். 2022-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வீகன் உணவுக்கெனத் தனி விதிகளையும் தனி முத்திரையையும் கொணர்ந்தது. அம்முத்திரை பெற்ற பொருளில் தேன் இராது. ஆனால் வெங்காயமும் உருளைக்கிழங்கும் இருக்கக்கூடும். திண்டிவனத்துக் கடையில் பொருள் வாங்கும் சமண இல்லத்தரசிக்கு இவ்விரண்டு முத்திரைகளும் போதா. பின்புறத்துச் சிற்றெழுத்தில் உள்ள சேர்மானப் பட்டியலையும் அவர் படித்தாக வேண்டும்.